விற்ற மாலும் வாடகைக்கு விட்ட மாலும்

கேள்வி: தென்காசி வாசகர், 2025 ஜூன் 9

சென்னையில் மாலுக்கு மேல் மாலாக வந்துகொண்டிருக்கிறது. திருநெல்வேலியிலும் புறவழிச்சாலைப் பக்கம் வணிக வளாகம் கட்டி, கடைகளைச் சதுர அடிக் கணக்கில் விற்கப்போவதாக விளம்பரத் தாள்கள் வருகின்றன. சென்னை போன வழியில்தானே நாமும் போவோம்? இப்போதே ஒரு கடையை வாங்கிப் போட்டால் பத்து ஆண்டில் நல்ல விலை கிடைக்காதா?

2025 ஜூன் 9, இரவு 9.20

கிடைக்காது என்பதே என் எண்ணம். சென்னை போன வழி என்று நீங்கள் சொல்வதில் இரண்டு வழிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் 1996 முதல் 2016 வரை சென்னையில் பெல்ட், பர்ஸ், கைப்பைக் கடை வைத்திருந்து, பிறகு பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன். இரண்டு வழியிலும் கடை நடத்தியிருக்கிறேன்.

முதல் வழி, கட்டி முடித்த வளாகத்தின் கடைகளைத் தனித்தனி ஆட்களுக்குப் பத்திரம் பதிந்து விற்றுவிடுவது. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாதான் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. 1863-இல் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனத்தின் பழைய சிவப்புக் கட்டடம் 1983-இல் தீக்கிரையான பிறகு, அதே மனையில் கட்டம் கட்டமாக எழுந்து 1990களில் கொடிகட்டிப் பறந்த வளாகம் அது. டெல்லியின் அன்சல் பிளாசாவும் மும்பையின் கிராஸ்ரோட்ஸும் 1999-இல்தான் வந்தன என்பதை நினைத்தால், சென்னை எவ்வளவு முன்னால் நின்றது என்பது விளங்கும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை மெரினாவுக்கு அடுத்தபடியாக அங்கேதான் அழைத்துப் போவோம்.

இரண்டாம் வழி, மனையும் கட்டடமும் ஒரே கையில் இருக்க, கடைகளை வாடகைக்கு மட்டும் விடுவது. 2010-இல் ராயப்பேட்டையில் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் திறந்த ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி, அதே ஆண்டு வடபழனியில் ஃபோரம் விஜயாவாகத் திறந்து இன்று நெக்சஸ் விஜயா என்று அழைக்கப்படும் மால், 2018-இல் அண்ணா நகரில் வந்த வி.ஆர். சென்னை ஆகியவை இந்த வகை. சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் தேடி மக்கள் சுற்றுவது இவற்றில்தான். துண்டு போட்டு விற்ற வளாகங்கள் பலவற்றில் மேல் மாடிக் கடைகள் பூட்டிக் கிடப்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

நம் ஊர் விளம்பரத் தாள்களில் இருப்பது முதல் வழி.

2025 ஜூன் 10, காலை 6.45

நேற்றுச் சொன்னதற்குக் காரணம் சொல்லவில்லை. கட்டடம் பழையதானதால் கூட்டம் குறைந்தது என்று பலரும் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்தது வேறு.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு வளாகத்தில் 1996-இல் நானும் என் சித்தப்பாவும் சேர்ந்து இரண்டாம் மாடியில் 140 சதுர அடிக் கடை ஒன்றை வாங்கினோம். சித்தப்பா வீரவநல்லூரில் இருந்த வயலை விற்றுப் பாதிப் பணம் கொடுத்தார். முதல் ஆறேழு ஆண்டுகள் வியாபாரம் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு நாள் எஸ்கலேட்டர் நின்றது. பழுது பார்க்க ஆகும் செலவை எல்லாக் கடைக்காரர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தபோது, தரைத்தளத்தில் கடை வைத்திருந்தவர்கள், தங்களிடம் வரும் வாடிக்கையாளர் எவரும் மாடி ஏறுவதில்லை என்றும், ஏறாத படிக்குத் தாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயம்தான். உரிமையாளர்கள் அறுபது பேருக்கு மேல். சிலர் துபாயில், சிலர் சிங்கப்பூரில், சிலர் இறந்து வாரிசுகளுக்குள் வழக்கு. கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.

நின்றுபோன எஸ்கலேட்டரின் ஒவ்வொரு படியும் சாதாரணப் படியைவிட உயரம். சேலை கட்டிய பெண்கள் கறுப்பு ரப்பர்க் கைப்பிடியைத் தொட்டு, ஒரு காலை முதல் படியில் வைத்து, அடுத்த படியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொள்வார்கள். நான் மாடிக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்குக் கல்லாவில் என்ன விழும் என்பது அந்தக் காலிலேயே தெரிந்துவிடும்.

அதன் பிறகு நடந்தவை ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன. பக்கத்துக் கடைக்காரர் வியாபாரம் போதாமல் கடையைப் பூட்டிவிட்டு, அதைப் பெட்டி அடுக்கும் கிடங்காக வாடகைக்கு விட்டார். எதிர்க்கடை ஜெராக்ஸ் கடையானது. மூலைக்கடை வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகமானது. ஒரு மாடியில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தால் மக்கள் நடப்பார்கள் என்று யோசிக்கவும், யோசித்ததைச் செய்யவும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கே இல்லை. 2008-இல் வாங்கிய விலைக்கே விற்றோம். பன்னிரண்டு ஆண்டு விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் அது நட்டம். சித்தப்பாவின் வயல் இன்று இருந்திருந்தால் என்ன விலை என்று நான் அவரிடம் பேசுவதில்லை.

2025 ஜூன் 10, இரவு 10.05

ஒரு திருத்தம். என் பழைய கடை உள்ளே அளந்தால் எவ்வளவு இருந்தது என்று சிவகிரி வாசகர் கேட்டதற்கு, நினைவிலிருந்து 90 சதுர அடி என்று பதில் எழுதியிருந்தேன். பழைய வரைபட நகலை எடுத்துப் பார்த்தேன்: 82. பத்திரத்தில் 140, கால் வைக்கக் கிடைத்தது 82. மீதி 58 சதுர அடியும் நடைபாதை, மாடிப்படி, லிஃப்ட், கழிவறை ஆகியவற்றில் என் பங்கு.

2025 ஜூன் 12, மாலை 4.30

வாடகை மால் எப்படி நடக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது சற்று நீளும்.

2011-இல் வேறொரு மாலில் நடைபாதை நடுவில் சிறு கடை எடுத்தேன். கியாஸ்க் என்பார்கள், நான்கு பக்கமும் திறந்த மேடை, ஷட்டர் கிடையாது, இரவில் துணி போட்டு மூடுவோம். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று மாதம்தோறும் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. மற்றொன்று என் விற்பனையில் 12 விழுக்காடு. இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். என் பில் இயந்திரத்தின் கணக்கு அன்றன்றைக்கு அவர்கள் அலுவலகத்துக்குப் போய்விடும். காலை 10 மணிக்குத் துணியை விலக்காவிட்டால் அபராதம். விளக்கின் நிறம்கூட அவர்கள் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். நோய் வந்து இரண்டு நாள் திறக்காததற்கும் அபராதம் கட்டியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஆனாலும் எஸ்கலேட்டர் ஒரு நாள்கூட நின்றதில்லை. நான் விற்றால்தான் மால் முதலாளிக்குக் கூடுதல் வாடகை என்பதால், என் கடைக்கு ஆள் வருவதில் அவருக்கும் அக்கறை இருந்தது. விற்பனை படுத்த கடைகளை ஒப்பந்தம் முடிந்ததும் எடுத்துவிட்டு வேறு கடையைக் கொண்டுவந்தார்கள். சினிமாத் திரையரங்குகளை உச்சி மாடியிலும், உணவுக் கூடத்தை அதை ஒட்டியும் வைத்திருந்தார்கள். படம் பார்க்க வருகிறவர் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் எல்லா மாடிகளையும் கடந்தாக வேண்டும். ஆங்கர் என்று அவர்கள் சொல்லும் பெரிய துணிக்கடைக்கும் பல்பொருள் அங்காடிக்கும் சதுர அடி வாடகை என்னைவிட மிகக் குறைவு. முதலில் அது எனக்கு அநியாயமாகப் பட்டது. பிறகு புரிந்தது: அவர்கள் ஆளை இழுத்து வருகிறார்கள், நான் வந்த ஆளிடம் விற்கிறேன், இழுத்து வந்ததற்கான கூலியைத்தான் என் வாடகையில் கட்டுகிறேன். கடைகள் எல்லாம் தனித்தனி ஆட்களின் சொத்தாக இருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கலை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. திரையரங்குக்கு மலிவாக இடம் கொடுக்கும் நட்டத்தை எந்தத் தனிக் கடைக்காரர் தாங்குவார்?

2025 ஜூன் 15, காலை 11.15

"அப்படியானால் திருநெல்வேலியிலும் ஒரே முதலாளியின் வாடகை மால் வரட்டுமே" என்று அம்பாசமுத்திரம் நண்பர் எழுதியிருக்கிறார். வந்தால் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் சென்னையில் அந்த மால்கள் எந்த மனைகளில் எழுந்தன என்று பாருங்கள். எக்ஸ்பிரஸ் அவென்யூ எழுந்தது இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இருந்த தோட்டத்தில். வடபழனி மால் விஜயா-வாகினி படப்பிடிப்பு நிலையத்தின் நிலத்தில். மும்பையில் ஃபீனிக்ஸ் என்ற பெயரே அங்கிருந்த பஞ்சாலையின் பெயர்தான். ஊர் வளர்வதற்கு முன்பே ஒரு தொழிலுக்காக ஒருவர் கையில் மொத்தமாகச் சேர்ந்த நிலம், தொழில் மங்கியபோது ஊரின் நடுவில் ஒரே பத்திரமாகக் கிடைத்தது. ஒரே பத்திரமாகக் கிடைத்த நிலத்தில்தான் ஒரே கையில் நிற்கும் மாலைக் கட்ட முடிந்தது.

நம் ஊரில் அப்படிப்பட்ட பெரிய ஆலை இருந்தது விக்கிரமசிங்கபுரத்தில்; அது பாபநாசம் மலையடிவாரம். நகருக்குள் நிலம் என்றால் கோயில் நிலம், மாநகராட்சி நிலம், இல்லாவிட்டால் பல பங்காளிகளின் பெயரில் துண்டு துண்டாகக் கிடக்கும் வயல். பங்காளிகளிடம் கூட்டு ஒப்பந்தம் போட்டு எடுத்த நிலத்தில் கட்டுகிறவருக்குப் போட்ட முதல் உடனே திரும்பி வர வேண்டும். அதனால்தான் அவர் கடைகளை விற்கிறார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. முப்பது ஆண்டு காத்திருந்து வாடகை வாங்கும் முதல் அவரிடம் இல்லை.

சென்னையிலோ அந்த வாடகை வருமானத்தையே பங்குபோல விற்கும் நிலைக்குப் போய்விட்டார்கள். நெக்சஸ் மால்களை வைத்திருக்கும் அறக்கட்டளை 2023 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. வாடகைக் கட்டடங்களை வைத்துக்கொண்டு, அவற்றின் வருமானத்தை அலகுகளாகப் பிரித்து விற்கும் இத்தகைய அறக்கட்டளையை ரீட் என்பார்கள். கடை வியாபார இடங்களுக்கென்றே நாட்டில் வந்த முதல் ரீட் அது. மாலில் பங்கு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அந்த அலகுகளை வாங்கலாம். விலை ஏறும், இறங்கும், ஆனால் எஸ்கலேட்டருக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

2025 ஜூன் 18, இரவு 8.50

வள்ளியூர் வாசகர் என்னைச் சரியாகவே மடக்கியிருக்கிறார். சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கடைகள் நூறு பேர் கையில்தான் இருக்கின்றன. எஸ்கலேட்டரும் இல்லை, ஏ.சி.யும் இல்லை, கூட்டத்துக்கு என்ன குறை என்று கேட்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது உண்மை. முதல் குறிப்பில் நான் சொன்னது அந்த அளவுக்குத் தவறு. ஒரே சரக்கு விற்கும் கடைகள் கூடி நிற்கும் இடத்துக்குத் தனியாக ஒரு நிர்வாகி தேவையில்லை. மின்னணுச் சாமான் வேண்டும் என்றால் ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்பது வாங்குகிறவர் மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தப் பெயரே ஆங்கர். நம் மேலப்பாளையம் மாட்டுச் சந்தையையும், ஆனித் தேரின்போது நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் நிறையும் கடைகளையும் எந்த மேலாளரும் ஒழுங்கு செய்வதில்லை. நாளும் இடமும் மக்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பெயரை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு, கடைக்காரர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய புத்தகம் தேடி நான் அங்கே போயிருக்கிறேன். கடைகள் இருந்தன, புத்தகங்கள் இருந்தன. மூர் மார்க்கெட் வரவில்லை. ஆகவே என் கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: பல பேர் கையில் இருக்கும் கடைத்தெரு வாழலாம், மக்களின் கால் பழகிய தரையில் இருந்தால். புதிதாகக் கட்டிய நான்கு மாடியில் அது வாழ ஒரு கை வேண்டும்.

2025 ஜூன் 22, பிற்பகல் 3.00

மூன்றாவது வழி ஒன்று இருப்பதை இவ்வளவு நாள் எழுதாமல் விட்டது பெரிய விடுபாடு. அதுவும் அது நம் தென்மாவட்டத்தார் சென்னைக்குக் கொடுத்தது.

தி.நகரில் ஒரு குடும்பமே ஏழெட்டு மாடி கட்டி, தரையில் பாத்திரம், மேலே துணி, அதற்கும் மேலே வீட்டு உபயோகப் பொருள், நடுவில் இனிப்பு என்று ஒரே கூரையின் கீழ் விற்கிறதே, அதுவும் ஒரு மால்தான். ஒரே கை, ஒரே பில். ரங்கநாதன் தெருவின் முகத்தை மாற்றிய அந்த மாடிக்கடைகளில் புகழ்பெற்றதை நடத்தியவர்கள் திருச்செந்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். ஆரெம்கேவி 1924-இல் திருநெல்வேலியில் தொடங்கியது. போத்தீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தது. வசந்த் அண்டு கோவை 1978-இல் தொடங்கியவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர். ஊரில் ஒரு கடையை நடத்திக் கற்ற கணக்கை மாடி மாடியாக அடுக்கினார்கள். மால்கள் பெருகிய இதே பதினைந்து ஆண்டுகளில் தி.நகரின் கூட்டம் கலைந்துவிடவில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறந்தது, 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஏறத்தாழ 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் திறந்தது. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடிக்கும் நெல்லைக்காரர் இன்று மழையில் நனையாமல் துணி வாங்கப் போகலாம்.

அந்த மாடிக்கடைகள் குறையற்றவை என்று சொல்ல வரவில்லை. பக்க இடைவெளி விடாமல், அனுமதிக்கு மேல் மாடி ஏற்றிக் கட்டியதற்காகத் தி.நகரில் பல கட்டடங்களுக்கு 2011 அக்டோபர் கடைசியில் சீல் வைக்கப்பட்டதும், பொங்கல் வியாபாரத்துக்கு முன் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தற்காலிகமாகத் திறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இன்னொன்றும் என் மனத்தில் உறுத்துகிறது. அந்த மாடிகளில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டிய பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேர் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். என் தெருவில் இருந்த ஒரு பெண் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு, கெண்டைக்கால் நரம்பு நீலமாக முடிச்சிட்டுத் திரும்பி வந்தாள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல்தான். கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று நான் இப்போது பார்க்கிறேன். இல்லாவிட்டால் மேலாளரிடம் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

வண்ணார்பேட்டைப் பக்கம் நடந்து பாருங்கள். திருநெல்வேலியில் ஏற்கெனவே வேர் பிடித்திருப்பது இந்த மூன்றாவது வழி.

2025 ஜூன் 28, இரவு 11.10

இந்த இழையில் இதுவரை ஊராருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அது என் வீட்டுக்கே வந்துவிட்டது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தென்காசி வாசகர் சொன்ன மாதிரியான விளம்பரத் தாள் மேசையில் இருந்தது. அத்தான் ஓய்வு பெற்று ஓராண்டாகிறது. கைக்கு வந்த பணத்தில் 18 லட்சத்தை எடுத்துக் கடை வாங்க, 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். "நம்ம பேருல ஒரு கடை இருந்தா அது ஒரு சொத்துல்லாடே" என்றார்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். முதல் மாடியில் 200 சதுர அடி, சதுர அடி 9,000 ரூபாய். பொது இடப் பங்கு போக உள்ளே 120 சதுர அடி என்று விற்பனைப் பையன் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் கால் வைக்கும் இடத்துக்குச் சதுர அடி 15,000 ரூபாய். முதல் மூன்று ஆண்டு மாதம் 9,000 ரூபாய் வாடகை நிச்சயம் என்கிறார்கள், ஆண்டுக்கு 1,08,000, முதலுக்கு 6 விழுக்காடு. மூன்று ஆண்டில் மொத்தம் 3,24,000. கடைக்கு இன்னும் வாடகைக்காரரே வராத நிலையில் அந்தப் பணத்தை யார் கொடுப்பார்? அத்தான் கொடுத்த 18 லட்சத்திலிருந்துதான் அவருக்கே திருப்பி அளக்கப்படும். அப்படிப் பார்த்தால் கடையின் விலை 14,76,000; மீதியை விலையில் ஏற்றி வாங்கிக்கொண்டு வாடகை என்ற பெயரில் திருப்பித் தருகிறார்கள்.

அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு இப்போது 8.2 விழுக்காடு. 18 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,47,600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 36,900. கடை பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது என்ற கவலை அதில் இல்லை.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தாளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

2025 ஜூன் 29, காலை 7.30

சங்கரன்கோவில் வாசகர் கேட்டது: வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது, ஆனால் வாடகை ஏறும், சொத்தின் விலையும் ஏறும், அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

சேர்த்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தரைத்தளமாக, தெருவைப் பார்த்ததாக, சுற்றிலும் வீடுகள் பெருகும் இடமாக இருந்தால் அவர் சொல்வது நடக்கும். தனிக் கட்டடத்தில் தரைத்தளக் கடை வாங்கிய என் நண்பர் ஒருவர் சமாதானபுரத்தில் நன்றாகவே இருக்கிறார். முதல் மாடிக் கடையின் வாடகை ஏறுமா என்பது, அந்த மாடிக்கு ஆள் ஏறுமா என்பதைப் பொறுத்தது. என் 82 சதுர அடிக்கு அது ஏறவில்லை. நிலம் விலை ஏறுவதில் மாடிக் கடைக்காரருக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத மனைப் பாகம், அதாவது மொத்த மனையில் அவர் கடைக்கு உரிய பங்கு, மட்டும். 200 சதுர அடிக் கடைக்கு மனைப் பாகம் எத்தனை சதுர அடி என்பதை அத்தானிடம் அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

2025 ஜூலை 3, இரவு 9.00

கேட்க வேண்டியவை எவை என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட அலகுகளாகவோ கட்டி விற்கும் திட்டம், அது கடைகளாகவே இருந்தாலும், ரெரா எனப்படும் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு எண் கிடைப்பதற்கு முன் விளம்பரம் செய்யவும் கூடாது, முன்பணம் வாங்கவும் கூடாது. விலையை உள் அளவில், அதாவது கார்ப்பெட் ஏரியாவில், சொல்ல வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கும் அதன் மனைக்கும் மட்டுமே செலவிட வேண்டும். 1996-இல் எனக்கும் சித்தப்பாவுக்கும் இந்தச் சட்டம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

இவற்றோடு நானாகச் சேர்க்கும் கேள்வி ஒன்று: கட்டுகிறவர் தமக்கென்று எந்த மாடியையாவது வைத்துக்கொள்கிறாரா? எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறவர் எஸ்கலேட்டர் நிற்கும் நாளில் அங்கே இருக்கமாட்டார்.

2025 ஜூலை 4, காலை 6.20

வெள்ளத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். 2023 டிசம்பர் 17, 18-இல் சந்திப்புப் பேருந்து நிலையமும் வண்ணார்பேட்டைப் பகுதியும் எப்படிக் கிடந்தன என்று நமக்குத் தெரியும். சென்னையில் 2015-இல் வேளச்சேரி அப்படிக் கிடந்தது. புதிய வளாகங்கள் வாகனத்தை நிலத்தடியில் நிறுத்துகின்றன. ஜெனரேட்டரையும் பம்பையும் அங்கேயே வைத்துவிட்டால் தண்ணீர் முதலில் மூழ்கடிப்பது அவற்றைத்தான். வரைபடத்தில் அவை எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த இடம் முன்பு வயலா, குளத்துப் புறம்போக்கா என்பதை அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்.

2025 ஜூலை 12, பிற்பகல் 1.40

ஆனித் தேர் முடிந்த பிறகு அத்தானும் நானும் அந்த வளாகத்தைக் கட்டுகிறவரின் அலுவலகத்துக்குப் போனோம். பேசியவர் மரியாதையாகவே பேசினார். ரெரா எண் கேட்டோம், விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார். உள் அளவை எழுத்தில் கேட்டோம். வரைபடம் இறுதியானதும் தருவதாகச் சொன்னார். எந்த மாடியை நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ளும் என்று அத்தானே கேட்டார். எல்லாமே விற்பனைக்குத்தான் என்றும், பாதிக்கு மேல் போய்விட்டது என்றும் பெருமையோடு சொன்னார்.

வெளியே வந்து சாலையோரம் நின்று கரும்புச் சாறு குடித்தோம். எதிரே அந்த மனை. முள்வேலிக்குள் ஒரு தகரக் கொட்டகை, குவித்த மணல், வரிசையாக நட்ட கொடிகள். அத்தான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படி எந்தப் பக்கம் வரும்னு கேக்காம வந்துட்டோமேடே" என்றார்.

2025 ஜூலை 19, இரவு 8.15

அத்தான் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பது நாளில் தருவதாக ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுப் பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் 15 லட்சத்துக்குக் கணக்குத் தொடங்கினார். 3 லட்சத்தைக் கையில் வைத்திருக்கிறார். தரைத்தளத்தில், சாலையைப் பார்த்தபடி, யாராவது தனிக் கடை விற்றால் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன். 25,000 ரூபாய் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.